ஹிப்னாடிசம் கூடுமா?

போன வாரம் அஸர் தொழுதுவிட்டு பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பழைய சிநேகிதர் ஒருவர் பக்கத்தில் வந்து நெருங்கி உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க வயித்துக்கு ஹிப்னாடிசம் பண்ணிக்கிட்டதா கேள்விப்பட்டேன். அது நமக்குக் கூடுமா?"

அவர் மகனுக்கு ஆறு மாதமாக ராத்தூக்கம் இல்லையாம். யாரோ இந்த வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் பெண்கள் "அது சூனியம் மாதிரி" என்று பயப்படுகிறார்கள்.

திண்ணையில் அவரிடம் அரைமணி நேரம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வயிற்றுச் சமாச்சாரம் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள்.

எனக்கு நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய தொல்லை இது. காலையில் ஒரு முறை, வெளியே கிளம்பும்போது ஒரு முறை, பஸ் வந்து நிற்கும்போது இன்னொரு முறை என்று வயிறு கூப்பிடும். சில நாள் கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கும். வேலையில் இருந்தவரை எப்படியோ சமாளித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அதிகமாகிவிட்டது. வெளியூர்க் கல்யாணம் என்றால் மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்றுதான் முதலில் விசாரிப்பேன். திருநெல்வேலிக்குப் போவதென்றால் பஸ்ஸில் ஏறமாட்டேன், திருச்செந்தூர் பாசஞ்சர்தான். ரயிலில் கழிப்பறை இருக்கிறதல்லவா?

எல்லாவற்றையும்விட பெரிய கைசேதம் தொழுகைதான். ஹவுழில் ஒளு எடுத்துவிட்டு ஸஃப்பில் போய் நிற்பதற்குள் வயிறு இரையும். காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துவிடும். ஜும்ஆவில் பத்துப் பேரைத் தாண்டி வெளியே வருகிற வெட்கம் இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும். இடைவிடாமல் ஒளு முறிகிற நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. என்னுடையது வந்துவந்து போகிற நோவு, அதனால் அந்தச் சலுகையும் முழுசாகப் பொருந்தவில்லை. மெல்ல மெல்ல வீட்டிலேயே தொழ ஆரம்பித்தேன். உம்ராவுக்குப் போகலாம் என்று பிள்ளைகள் இரண்டு தடவை சொன்னார்கள், இரண்டு தடவையும் தட்டிக் கழித்தேன். தவாஃபின் நடுவில் வயிறு கூப்பிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம்.

குடல் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்தார், குழாய் விட்டும் பார்த்தார். "புண் இல்லை, கட்டி இல்லை. இது ஐ.பி.எஸ். குடலும் மூளையும் பேசிக்கொள்கிற விதத்தில் கோளாறு" என்றார். மாத்திரைகள் மாற்றி மாற்றிக் கொடுத்தார். பால், கோதுமை என்று பத்தியம் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் பெரிய மாற்றம் இல்லை. 2019இல் ஒரு நாள் அவரே, "பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரம்மா இருக்கிறார். இதற்கு ஹிப்னோதெரபி தருகிறார். போய்ப் பாருங்களேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் தலைமுறைக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் என்ன ஞாபகம் வரும்? சின்ன வயதில் சந்தைத் திடலில் பார்த்த மோடி மஸ்தான்தான். ஒரு பையனைப் படுக்கப்போட்டு, துணியால் மூடி, கூட்டத்தில் நிற்பவர் சட்டைப்பையில் எத்தனை ரூபாய் என்று கேட்பான். பையன் துணிக்குள்ளிருந்து சொல்வான். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். பிறகு சினிமாவில் கண்ணை உருட்டி ஆளை அடிமையாக்குகிற வில்லன்கள். இப்போது டி.வி.யில் முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறவர்கள். இதில் நான் போய்ப் படுப்பதா?

ராத்தாவுக்குச் சேதி போனது. என்னைவிட நாலு வயது மூத்தவள். போனில் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "குறிகாரன் கிட்ட போனா நாப்பது நாள் தொழுகை ஏத்துக்கப்படாதுன்னு ஓதின புள்ளைதானே நீ? ஒன் புத்திய இன்னொருத்தி கையில கொடுத்துட்டுப் படுக்கப் போறியா? வாப்பா இருந்தா இதுக்குச் சம்மதிப்பாஹளா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுத முடியாது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1974இல் அவளுக்குப் பத்தொன்பது வயது. திடீரென்று அடுக்களைச் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்வாள். சோற்றில் எதையோ கலந்துவிட்டார்கள் என்று சாப்பிட மறுப்பாள். முதலில் மஹல்லா லெப்பை வந்து ஃபாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் ஓதி ஊதினார். அதைக் கேட்கும்போது கொஞ்சம் அமைதியாக இருப்பாள். அதோடு நிறுத்தி டாக்டரிடம் போயிருக்கலாம். உறவுக்காரர் ஒருவர், "இது ஜின் பிடிச்சது, வேற ஊர்ல ஆள் இருக்கு" என்று ஒருவனைக் கூட்டிவந்தார். அவன் கறுப்புக் கோழி கேட்டான். புகை போட்டான். நூலில் முடிச்சுப் போட்டு முடிச்சுக்கு முடிச்சு எதையோ முணுமுணுத்து ஊதினான். அது அரபியா, தமிழா, வேறு பாஷையா என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. முடிச்சுகளில் ஊதுபவர்களின் தீங்கைவிட்டுப் பாதுகாப்புத் தேடச் சொல்லும் சூராவைத் தினமும் ஓதுகிற குடும்பம் நாங்கள். ஆனாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உம்மா தன் காப்பைக் கழற்றிக் கொடுத்தார்கள்.

ஒன்பது வருடம் இப்படியே போனது. இடையில் சில மாதம் வெளியூரில் ஓர் இடத்தில் காலில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். 1983இல் காய்ச்சல் கண்டு மவ்த்தாகிவிட்டாள். குளிப்பாட்டும்போது அவள் கணுக்காலில் இருந்த தழும்பைப் பார்த்தவள் ராத்தா. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்துபோன செய்தி வந்ததே, அன்று ராத்தா சாப்பிடவில்லை. புத்தியின் மேல் யாரோ கை வைக்கிறார்கள் என்று கேட்டாலே அவளுக்கு அந்தத் தழும்புதான் கண்ணில் நிற்கும்.

ஆகவே நான் இதைச் சும்மா விடவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன்.

சவூதி அரேபியாவின் நிரந்தர ஃபத்வாக் குழு இதைக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஜின்னின் உதவியால் ஆளை வசப்படுத்துவது, குறிசொல்வதில் ஒரு வகை, இணைவைப்பில் கொண்டுவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். வேறு பல ஆலிம்கள், இது ஜின் சம்பந்தப்படாத மருத்துவ முறை என்றால் நிபந்தனையோடு கூடும் என்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓதித் தேர்ந்தவர்கள். அப்படியானால் இது உண்மையில் என்ன என்பதல்லவா முதல் கேள்வி?

வரலாறு சுவையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற டாக்டர், உடம்புக்குள் ஒரு காந்தத் திரவம் ஓடுகிறது, அதைத் தன் கையசைவால் சரிசெய்கிறேன் என்று பாரிஸில் பெரிய பரபரப்பை உண்டாக்கினார். 1784இல் பிரான்ஸ் அரசர் ஒரு விசாரணைக் குழு போட்டார். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அதில் ஒருவர். தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் காந்தம் ஏற்றிவிட்டு, கண்ணைக் கட்டி ஒரு பையனை மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள். அவன் காந்தம் ஏற்றாத வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான்! திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, எல்லாம் மனத்தின் கற்பனை செய்கிற வேலை என்று குழு எழுதியது.

ஆனால் அந்தக் கற்பனையே உடம்பில் இவ்வளவு செய்கிறதே, அது லேசான விஷயமா? 1841இல் மான்செஸ்டரில் ஒரு மேடைக் காட்சியைப் பார்த்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை டாக்டர், மந்திரத்தைத் தள்ளிவிட்டு மனம் ஒருமுகப்படுவதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். நம் நாட்டிலேயே 1845இல், மயக்க மருந்து வருவதற்கு முன்னால், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற டாக்டர் நோயாளிகளை இந்த நிலையில் வைத்துப் பெரிய கட்டிகளை அறுத்தெடுத்தார். 1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதை மருத்துவத்தில் பயன்படுத்தலாம் என்று ஏற்றது. 1984இல் அதே மான்செஸ்டரைச் சேர்ந்த பீட்டர் வோர்வெல் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும், என்னுடையதைப் போன்ற தீராத வயிற்றுத் தொல்லைக்கு இது உதவுகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள்.

இதையெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். இப்னு ஸீனா ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒரு உதாரணம் சொல்லிவிட்டார். தரையில் கிடக்கும் பலகையில் ஒருவன் தாராளமாக நடப்பான். அதே பலகையைப் பள்ளத்தின் குறுக்கே போட்டால் தடுமாறுவான். விழுவோம் என்ற எண்ணமே அவனை விழவைக்கிறது. எண்ணத்துக்கு உடம்பின் மேல் அவ்வளவு அதிகாரம்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்ட எங்கள் ஹஜ்ரத், சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார்.

"அந்த டாக்டரம்மா மறைவான சங்கதி ஏதாவது சொல்றாங்களா? முன்ஜென்மம், காணாமப்போன பொருள், நாளைக்கு நடக்கப்போறது, இந்த மாதிரி?

"அல்லாஹ்வைத் தவிர வேற யாரையாவது கூப்பிடச் சொல்றாங்களா?

"நடுவுல எழுந்து போகணும்னு நெனச்சா உங்களால எழுந்து போக முடியுமா, இல்லை கட்டிப்போட்ட மாதிரி கிடப்பீங்களா?"

தெரியாது என்றேன். "தெரியாத விஷயத்துக்கு நான் எப்படி ஃபத்வா சொல்றது? போய்க் கேட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

அப்போது அவர் ஒரு ஹதீஸைச் சொன்னார். ஸஹீஹ் முஸ்லிமில் வருவது. அவ்ஃப் இப்னு மாலிக் (ரலி) போன்ற தோழர்கள் இஸ்லாத்துக்கு வருவதற்கு முன்பு நோயாளிக்கு மந்திரித்துப் பார்த்தவர்கள். அதைத் தொடரலாமா என்று நபிகள் நாயகத்திடம் (ஸல்) கேட்டார்கள். நாயகம் எடுத்த எடுப்பில் தடுக்கவும் இல்லை, அப்படியே விடவும் இல்லை. நீங்கள் ஓதுவதை என்னிடம் ஓதிக்காட்டுங்கள் என்றார்கள். இணைவைப்பு அதில் இல்லையென்றால் குற்றமில்லை என்பது தீர்ப்பு. "பேரைக் கேட்டுத் தீர்ப்பு சொல்லலை பாத்தீங்களா? உள்ளே என்ன இருக்குன்னு கேட்டாங்க" என்றார் ஹஜ்ரத்.

டாக்டரம்மாவிடம் போய் அந்த மூன்று கேள்வியையும் அப்படியே கேட்டேன். அவர் கிறிஸ்தவர், ஐம்பது வயது இருக்கும். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. முன்பிறவி என்று யாராவது சொன்னால் அங்கே போகாதீர்கள் என்றார். யாரையும் கூப்பிடுவதில்லை என்றார். "நீங்க தூங்கமாட்டீங்க. நான் பேசுறது கேட்கும். பிடிக்கலைன்னா கண்ணைத் திறந்து எழுந்து போகலாம்" என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த இரண்டு தாளை எடுத்துக் கொடுத்தார். "இதைத்தான் நான் உங்களுக்கு வாசிப்பேன். வீட்டில் வச்சுப் படிச்சுப் பாருங்க, யாருக்கு வேணும்னாலும் காட்டுங்க."

ஹஜ்ரத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தாளையும் வரிவரியாகப் படித்தார். மூச்சை மெல்ல விடுங்கள், தோளைத் தளர்த்துங்கள், கையை வயிற்றில் வையுங்கள், கதகதப்பு பரவுகிறது, ஒரு நதி நிதானமாக ஓடுகிறது. இவ்வளவுதான். ஒரு வரியில் மட்டும் விரல் வைத்தார். இனி உங்கள் குடல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்றிருந்தது. "இங்க வர்றப்போ மனசுக்குள்ள இன்ஷா அல்லாஹ் சொல்லிக்கிடுங்க" என்றார். தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "நீங்க பேங்க்ல கையெழுத்துப் போட்ட வட்டிக் கடன் பத்திரத்தைவிட இதுல ஆபத்து கம்மி" என்று ஒரு குத்தும் வைத்தார். அந்நியப் பெண்ணோடு தனியறையில் இருக்க வேண்டாம், மனைவியை உள்ளே உட்காரவையுங்கள் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

இன்னொரு சந்தேகம் கேட்டேன், ஒளு முறியுமா என்று. ஷாஃபி மத்ஹபில் பிட்டம் அசையாமல் உட்கார்ந்தபடி தூங்கினால் முறியாது, மயக்கம் போட்டால் முறியும். "சாய்வு நாற்காலியா? தூங்கலைன்னா முறியாது. சந்தேகமா இருந்தா புதுசா எடுத்துக்கிடுங்க, தாமிரபரணித் தண்ணி ஒண்ணும் வத்திடாது" என்றார்.

வாரம் ஒரு முறை, மொத்தம் பத்து முறை போனேன். முதல் நாள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. உங்களுக்குப் பிடித்த ஆறு ஏதாவது உண்டா என்று கேட்டார் டாக்டரம்மா. ஏரல் பக்கம் தாமிரபரணியில் சின்ன வயதில் குளித்ததைச் சொன்னேன். அந்த ஆற்றையே வைத்துப் பேசினார். மணல் தெரிகிற தண்ணீர், அவசரமில்லாத ஓட்டம், அதே மாதிரி என் வயிறு. மின்விசிறிச் சத்தம் கேட்டது. தெருவில் பழவண்டிக்காரர் கூவியது கேட்டது. திக்ரு செய்துகொண்டே உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் வெளிச் சத்தம் தூரப் போகுமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி ஓர் அமைதி. அறையில் தூங்கியது ஒரே ஆள்தான், காவலுக்குக் கூட்டிப்போன என் மனைவி. அவள் குறட்டையும் எனக்குக் கேட்டது.

ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, முடிந்து கிளம்பும்போது டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். தங்கையைப் பற்றிச் சொல்லி, "அந்தக் காலத்தில் இந்த வைத்தியம் கிடைத்திருந்தால் அவளைக் காப்பாற்றியிருக்கலாமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லை ஐயா. காதில் குரல் கேட்கிறவங்களுக்கு நான் இதைச் செய்யவே மாட்டேன். அது அவங்க நோயைக் கூட்டிடலாம். அவங்களுக்கு வேண்டியது மாத்திரை. அப்பவே அந்த மாத்திரை இருந்தது" என்றார்.

அப்பவே இருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது அந்த ஒரு வார்த்தைதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. அல்லாஹ் எந்த நோயையும் மருந்தில்லாமல் இறக்கவில்லை, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) சொல்லியிருக்க, நாங்கள் மருந்து இருந்த கதவைத் தட்டவே இல்லை.

என் வயிறு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். முழுக்கக் குணம் என்று பொய் சொல்லமாட்டேன். பத்தில் ஏழு பங்கு தேவலை. டாக்டரம்மா தன் குரலில் பதிவு செய்து கொடுத்ததைச் செல்போனில் வைத்திருக்கிறேன், தொல்லை கூடும்போது கேட்பேன். ஐந்து வேளையில் நாலு வேளையாவது பள்ளியில் தொழுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். 2022 டிசம்பரில் உம்ராவும் நிறைவேறியது. தவாஃபில் நாலாவது சுற்றில் வயிறு ஒரு தரம் இரைந்தது, அதோடு அடங்கிவிட்டது.

உம்ராவிலிருந்து வந்து ராத்தாவைப் பார்க்கப் போனேன். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தேன். பேச்சு சுற்றி வந்து அதிலேயே நின்றது. "அவ என்னதான் சொல்லுவா? போடு, கேக்குறேன்" என்றாள். செல்போனை மேசையில் வைத்துப் போட்டேன். தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்திவிட்டு இருபது நிமிடமும் கேட்டாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ராத்தா."

நெடுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நம்ம சின்னவளுக்கு ஓதினானே, அவன்கிட்ட என்ன ஓதுறேன்னு நாம ஒருத்தருமே கேக்கலியே தம்பி."

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நான் முஃப்தி இல்லை. கூடாது என்று ஒதுங்குபவரின் பேணுதலை மதிக்கிறேன். எங்கள் ஹஜ்ரத்தும், ஜின், குறி, முன்பிறவி என்று அதில் ஏதாவது கலந்தால் அந்தக் குழுவின் தீர்ப்புதான் தன் தீர்ப்பும் என்று சொல்லியே அனுப்பினார். திண்ணையில் சிநேகிதரிடம் நான் சொன்னது இதுதான்: முதலில் மகனை டாக்டரிடம் காட்டுங்கள், தூக்கம் வராததற்கு உடம்பிலோ மனசிலோ வேறு காரணம் இருக்கலாம். பலகை மாட்டியவர் எல்லோரும் டாக்டர் இல்லை, என்ன படித்தவர் என்று பாருங்கள். அதற்கு மேல் இந்த வைத்தியம் வேண்டும் என்று டாக்டரே சொன்னால், என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள், உங்கள் ஆலிமிடம் காட்டுங்கள். தாயத்துக் கட்ட வருகிறவரிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். காட்ட மறுப்பவர் யாராக இருந்தாலும், தலையில் தொப்பி இருந்தாலும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

நேற்று சுப்ஹுக்குப் பிறகு சிநேகிதரைப் பார்த்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போகிறார்களாம். மகனோடு அவரும் போகிறார்.